பால்மியட் ஆற்றுத் தகவலை எங்கே சேர்ப்பது? நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த நான்கு வழிகள்

சென்ற ஆண்டு ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் நானும் எங்கள் தெருவைச் சேர்ந்த இருவரும் உட்கார்ந்திருந்தோம். பாதாளச் சாக்கடையின் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் வழிந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓடும் பால்மியட் ஆற்றில் கலப்பதைச் சொல்லப் போயிருந்தோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த படங்கள் இருநூறுக்கு மேல் கையில் இருந்தன. எதிரில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "இது எந்த இடம்? எந்தத் தேதி? முதல் படத்தில் இருப்பதும் இதுவும் ஒரே குழிதானா?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, கேமரா அதற்குள் எழுதிவைத்த இருப்பிடக் குறிப்பு நீங்கிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டு உழைப்பு, இடம் தெரியாத படங்களின் குவியலாக மேசைமேல் கிடந்தது.

அதன் பிறகு, ரிசர்வாயர் ஹில்ஸில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பன்னிரண்டு பேர் ஒரு முடிவெடுக்க உட்கார்ந்தோம். ஆற்றைப் பற்றி நாம் திரட்டும் தகவலை இனி எங்கே வைப்பது? சொந்தமாக ஓர் எக்செல் அட்டவணை, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம், உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி, மினிசாஸ் என்னும் ஆற்றுப் பரிசோதனை என நான்கு வழிகள் எங்கள் முன் இருந்தன. ஒவ்வொன்றையும் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தோம். டர்பன் பகுதியில் ஆற்றோரம் வாழும் வேறு தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால், நாங்கள் கண்டதை விரிவாக எழுதுகிறேன்.

ஆறு எங்களுக்கு வெறும் நீரோட்டம் அல்ல. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த நம் முன்னோர் பலர் காய்கறித் தோட்டம் போட்டது ஆற்றங்கரைகளில்தான். 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பிய அம்பலவாணர் ஆலயத்தை 1905-இன் வெள்ளம் கொண்டுபோனது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் இருந்த இந்தியத் தோட்டக்காரர்களை அடித்துச் சென்றபோது, மாரிமுத்து படவட்டனும் அவருடைய மீன்பிடித் தோழர்களுமாக ஆறு பேர் படகை இறக்கி 176 உயிர்களைக் கரைசேர்த்தார்கள். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மழையில் பால்மியட் ஆற்றை ஒட்டிய குவாரி ரோடு வெஸ்ட் குடியிருப்பில் பல வீடுகள் போயின. ஆனால் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாநகராட்சியும் குடியிருப்பு மக்களும் சேர்ந்து அமைத்திருந்த எச்சரிக்கை வலை, வெள்ளம் வருமுன்பே வாட்ஸ்அப்பில் செய்தி சொல்லி மக்களை வெளியேற வைத்தது. இன்ன இடத்தில் தண்ணீர் இவ்வளவு ஏறியது என்று ஆற்றோரத்தில் நிற்கும் ஒருவர் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அங்கே கண்ணால் பார்த்தோம்.

இப்படி மக்கள் தாமாகத் திரட்டும் இடம்சார்ந்த தகவலுக்கு 2007-இல் பெயர் வைத்தவர் புவியியல் அறிஞர் மைக்கேல் குட்சைல்ட். தன்னார்வப் புவித் தகவல் என்று தமிழில் சொல்லலாம். அறிவியலுக்கு இது உதவுமா என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2010-இல் மூகி ஹக்லே என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் தன்னார்வலர் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அந்நாட்டு அரசின் நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சராசரியாக 6 மீட்டர் அளவே வித்தியாசம் இருந்தது. ஆகவே, சாதாரண மக்களால் சரியாகக் குறிக்க முடியுமா என்று தயங்க வேண்டியதில்லை. எதை, எந்த முறையில், எந்த ஏட்டில் குறிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் சொந்த அட்டவணை. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள். காரணமும் நியாயமானது: தலைப்புகளைத் தமிழிலேயே வைக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இன்றே தொடங்கலாம். மூன்றாவது வாரத்திலேயே சிக்கல் தெரிந்தது. "பாலத்துக்குக் கீழே" என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அவர்கள் நின்றது மூன்று வெவ்வேறு பாலங்கள். தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள கணினிகள் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி கேட்பவை. கைப்பேசியிலிருந்து புள்ளியோடு வந்த ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, சில கணினிகள் எண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று: நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் அட்சரேகைக்கு முன் கழித்தல் குறி வேண்டும். ஒரு தாய் அதை விட்டுவிட்டார். 29.8 தெற்கு 29.8 வடக்கு ஆனது. அவர் கண்ட இறந்த மீன்கள் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே உள்ள பாலைவனத்தில் போய் விழுந்தன. அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய பிழையை உள்ளே நுழையும்போதே தடுக்கும் ஏடுதான் தன்னார்வலர்களுக்கு ஏற்ற ஏடு. எக்செல் தானாக அதைச் செய்யாது.

அட்டவணையின் பெரிய குறை வேறு. அதைத் தொடங்கியவர் வீடு மாறினால், கணினி பழுதானால், ஆர்வம் குறைந்தால், அதோடு எல்லாம் போய்விடும். பிள்ளைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கும் நாமே பதில் சொல்ல வேண்டும். 2021 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின்படி நடப்பது கட்டாயம். பிள்ளைகள் தொடர்பான தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் இருக்க வேண்டும். அட்டவணையை நான் நிராகரித்ததற்கு இந்த இரண்டுமே போதும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பற்றி எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. இன்று உலகமே திருத்தும் வரைபடம். தென்னாப்பிரிக்க அரசின் நில அளவைத் துறை எடுத்த வான்படங்களை அடியில் வைத்து வரைய இங்கே அனுமதி இருக்கிறது. இது பெரிய வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகள், நடைபாலங்கள், மழைநீர்க் குழாயின் வாய்கள், சாக்கடை மூடிகள் எல்லாவற்றையும் குறித்தோம். கோயில் பலகையில் தமிழில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே தமிழ்ப் பெயராகச் சேர்க்கலாம் என்று தெரிந்தபோது, வயதான ஒருவர் தன் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கிச் செய்தார். வரைபடத்தில் தம் கோயில் தம் எழுத்தில் தெரிவதைப் பார்த்த அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் இது நிலையாக நிற்பவற்றுக்கான ஏடு. குழாய் அங்கே இருக்கிறது என்று எழுதலாம். செவ்வாய்க்கிழமை அதிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது என்று எழுதக் கூடாது. நாளைக்கு இன்னொருவர் வந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவதையே குறிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. நிகழ்ச்சிகளையும் அளவீடுகளையும் அதில் கொட்டினால் மற்றவர்கள் நீக்கிவிடுவார்கள், நீக்குவதும் சரியே. கூகுள் மேப்பைப் பார்த்து நகல் எடுப்பதும் கூடாது. உரிமம் அதற்கு இடம் கொடுக்காது.

இதில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. குவாரி ரோடு வெஸ்ட் போன்ற குடியிருப்புகளில் வீடு வீடாக வரைவது மீட்புப் பணிக்கு உதவும். அதே வரைபடம் வெளியேற்ற வருபவர் கையிலும் கிடைக்கும். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில் வரைபடத்தில் கோடு கிழித்து நம் பெரியவர்களைப் பெயர்த்தெடுத்த ஊர் இது. அங்கே வாழ்பவர்கள் கேட்காமல், அவர்கள் உடன் இல்லாமல், அவர்களுடைய வீடுகளை நாம் வரைவதில்லை என்று முடிவு செய்தோம். பாதைகளும் பாலங்களும் மட்டும் போதும்.

பிள்ளைகள் ஒருமனதாகக் கேட்டது ஐநேச்சுரலிஸ்ட். படம் எடுத்தால் பெயர் சொல்கிறது. எங்கிருந்தோ ஒரு நிபுணர் வந்து "ஆம், இதுதான்" என்கிறார். அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2019-இல் நகரங்களுக்கிடையே நடந்த இயற்கைப் பதிவுப் போட்டியில் கேப்டவுன் 50,000-க்கும் மேற்பட்ட பதிவுகளோடு உலகில் முதலிடம் பெற்றது என்றால், இந்நாட்டில் இந்தச் செயலி எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது புரியும். தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது. உரிமத்தைத் திறந்து வைத்திருந்தால் உலகப் பல்லுயிர்த் தகவல் களஞ்சியத்துக்கும் போய்ச் சேருகிறது. நம் தெருவுப் பிள்ளை எடுத்த தட்டான் படம் எங்கோ ஓர் ஆய்வாளரின் கணக்கில் ஒரு புள்ளியாகிறது.

இடத்தை மறைக்கவும் அது அறிந்திருக்கிறது. அருகி வரும் உயிர்களின் ஆயத்தொலைவைத் தானாகவே கலைத்து, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் காட்டும். இந்நாட்டில் இது அத்தியாவசியம். பனைபோலத் தோன்றும் சைக்கட் செடிகளைத் தோண்டித் திருடுவது இங்கே பெரிய குற்றத் தொழில். டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் வூட் சைக்கட்டை நினைத்துப் பாருங்கள்: 1895-இல் ஓங்கோயே காட்டில் கண்டெடுத்த ஒரே ஆண் செடியிலிருந்து வந்தது, அதற்கொரு பெண் செடி இயற்கையில் இன்றுவரை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு செடியின் சரியான இடத்தை ஊருக்கே சொல்வது திருடனுக்கு வழிகாட்டுவதாகும். ஆகவே இடம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு நல்லது என்று எப்போதும் எண்ணிவிட முடியாது. வீட்டுத் தோட்டத்தில் எடுக்கும் படங்களுக்கும் இடத்தை மறைக்கும் அமைப்பைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறோம். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தனிக் கணக்கு வைக்காமல், அதே நிறுவனத்தின் சீக் செயலியைப் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு ஏன் இதை முதன்மையாகத் தேர்ந்தெடுக்கவில்லை? எங்கள் கேள்வி "ஆறு மோசமாகிறதா, தேறுகிறதா" என்பது. அதற்கு, பார்த்ததைப் போலவே பார்க்காததும் எழுதப்பட வேண்டும். ஐநேச்சுரலிஸ்டில் கண்டது மட்டுமே ஏறுகிறது. ஒரு மாதம் தட்டான் பதிவே இல்லையென்றால் தட்டான் இல்லையா, அல்லது அந்த மாதம் நாம் யாரும் ஆற்றுக்குப் போகவில்லையா? எண்ணிக்கையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாது மழை" என்று சொன்ன நம் பாட்டிமார் தினமும் அதே வாசலில் நின்று பார்த்தவர்கள். தட்டான் பறக்காத நாளும் அவர்கள் கணக்கில் இருந்தது.

இதை எங்களுக்கு உணர்த்தியது பறவை நோக்குபவர்களின் முறை. தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தின் இரண்டாம் சுற்று 2007 முதல் நடக்கிறது. நாட்டை ஐந்து நிமிட அட்சரேகைக்கு ஐந்து நிமிடத் தீர்க்கரேகை என்ற கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் முனைந்து தேடினால்தான் அது முழுப் பட்டியல். அடுத்து ஐந்து நாள் வரை அதில் சேர்க்கலாம். நூறு பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை வந்தது என்று பார்த்தால், அது பெருகுகிறதா குறைகிறதா என்று சொல்லிவிடலாம். உழைப்பின் அளவும் ஏட்டில் இருப்பதால்தான் இது முடிகிறது. முதல் சுற்று 1987 முதல் 1991 வரை நடந்தது. அதன் ஒரு பெரிய கட்டத்துக்குள் இன்றைய ஒன்பது கட்டங்கள் அடங்கும். அதனால் அன்றையதையும் இன்றையதையும் ஒப்பிட முடிகிறது. எங்களுக்கு நேரடியாக இது உதவாது. எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கட்டம் ஒரு சாக்கடைக் குழாயைப் பற்றி என்ன சொல்லும்? ஆனால் அந்த ஒழுங்கைக் கண்டதும், அதே ஒழுங்கு ஆற்றுக்கும் இருக்கிறதா என்று தேடினோம். இருந்தது, அதுவும் நம் மாகாணத்திலேயே பிறந்தது.

மினிசாஸ் என்பது ஆற்று வல்லுநர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யும்படி எளிமையாக்கியது. தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம். ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, படங்கள் உள்ள ஒரு தாள் போதும். ஓடும் நீரில் கற்களைக் காலால் கிளறி, கரையோரச் செடிகளை வலையால் தட்டி, சுமார் ஐந்து நிமிடம் பிடிக்க வேண்டும். தட்டில் ஊர்வனவற்றைப் பதின்மூன்று வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அழுக்கைத் தாங்காத தன்மைக்கேற்ப மதிப்பெண் உண்டு. புழு, அட்டை, ஈ வகைகளின் இளம்புழுக்கள் எதையும் தாங்குபவை: தலைக்கு 2. நத்தைக்கு 4. தட்டானின் இளம்பூச்சிக்கும் நண்டுக்கும் 6. சிறு கல்லையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டும் காடிஸ் புழுவுக்கு 9. தூய குளிர்நீரில் மட்டும் வாழும் கல் ஈயின் இளம்பூச்சிக்கு 17. எத்தனை பிடித்தோம் என்பது கணக்கில் இல்லை. எத்தனை வகை கிடைத்தது என்பதே கணக்கு. கூட்டி, வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் மதிப்பெண் வரும்.

எங்கள் முதல் முயற்சியில் புழு, அட்டை, ஈப்புழு, நத்தை, நீர்வண்டு என ஐந்து வகை கிடைத்தன. 2, 2, 2, 4, 5. கூட்டினால் 15, சராசரி 3. மிக மோசமான வகுப்பு. ஒரு பத்து வயதுப் பெண், "ஆச்சி குளித்த ஆறு இதுவா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தொண்டை அடைத்தது. பின்னர் மேலே, காட்டுக்குள் ஓடும் பகுதியில் அதே முறையில் தேடினோம். நண்டு, தட்டான், காடிஸ் புழு, அகன்ற செவுள்கள் அசையும் ஒருநாள் பூச்சியின் இளம்பருவம் ஆகியவை கிடைத்தன. 6, 6, 9, 11, சராசரி 8. ஆறு தன் பயணத்தில் எங்கே நோய்ப்படுகிறது என்பதை எண்ணாகப் பார்த்தது அன்றுதான்.

இந்த முறையின் வலிமை அந்த எண்ணில் மட்டும் இல்லை. கல் ஈ கிடைக்கவில்லை என்பதும் தாளில் நிற்கிறது, ஏனென்றால் பதின்மூன்றையும் தேடினோம். முடிவுகள் தேதியோடும் இடத்தோடும் பொது வரைபடத்தில் ஏறுகின்றன. வேறு ஊரில் வேறு குழு எடுத்த எண்ணோடு ஒப்பிடலாம். அலுவலக மேசைமேல் வைக்கக்கூடிய சான்று இதுதான்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும். இது கிருமியை அளப்பதில்லை. குடிக்கலாமா குளிக்கலாமா என்பதற்கு இதிலிருந்து பதில் எடுக்கக் கூடாது. யார் குற்றவாளி என்றும் சொல்லாது. ஆற்றின் நாட்பட்ட நிலையைச் சொல்லும், நேற்றிரவு யார் எதைத் திறந்துவிட்டார் என்பது இதில் வராது. ஆகவே கழிவுநீர் வழிவதைக் கண்ட அன்றே புகார் கொடுத்து எண் வாங்குவது தனிக் கடமை; மினிசாஸ் அதற்கு மாற்றாகாது. பெருமழைக்குப் பிறகு பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்பதால் சில வாரம் காத்திருக்க வேண்டும். நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா நோய் இப்பகுதி ஆறுகளில் உண்டு, கழிவுநீரும் கலக்கிறது. ரப்பர் காலணி, கையுறை, சோப்பு இல்லாமல் பிள்ளைகளை இறக்கவே கூடாது. வெட்டுக்காயம் இருக்கும் பிள்ளை அன்று கரையில் நின்று எழுதட்டும்.

இடத்துல்லியத்திலும் ஒரு பாடம் கற்றோம். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி ஐந்து மீட்டருக்குள் காட்டும். பால்மியட் பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறைக்கும் அடர்ந்த மரங்களுக்கும் நடுவே, ஒரே கல்லில் நின்று எடுத்த இரண்டு அளவுகள் முப்பது மீட்டர் தள்ளி விழுந்தன. ஆகவே ஒவ்வொரு முறையும் கைப்பேசியை நம்பாமல், மூன்று இடங்களை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றையும் பல முறை அளந்து, வரைபடத்தில் கண்ணால் சரிபார்த்து, நான்கு தசம இலக்கத்தில் தாளிலேயே அச்சிட்டுவிட்டோம். நான்காம் இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டர். எங்கள் வேலைக்கு அது போதும். கழித்தல் குறி இனி யாருக்கும் மறக்காது.

ஆக எங்கள் முடிவு: முதுகெலும்பு மினிசாஸ். அந்த மூன்று இடங்களில், பருவத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு நான்கு. பன்னிரண்டு குடும்பத்தால் முடிவது இவ்வளவுதான். மாதாமாதம் என்று தொடங்கி மூன்றாம் மாதம் நிற்பதைவிட இது மேல். குழாய்வாய்களும் பாதைகளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறும், ஆண்டுக்கு ஒரு நாள் அதற்குப் போதும். ஐநேச்சுரலிஸ்ட் பிள்ளைகளின் விருப்பத்துக்கு. கணக்கெடுப்பில் அது சேராது. இரண்டையும் கலக்கும்போது உரிமத்தைக் கவனிக்க வேண்டும்: ஐநேச்சுரலிஸ்டில் இயல்பாக வரும் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அத்தகைய தகவலை ஏற்காது. வாட்ஸ்அப் ஆளைக் கூப்பிடவும் அவசரத்துக்கும் மட்டும்.

எங்கள் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மினிசாஸ் ஓடும் நன்னீருக்கானது. இசிபிங்கோ முகத்துவாரத்திலோ ப்ளூ லகூனிலோ இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. கடலும் ஆறும் கலக்கும் நீரில் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. குளம், அணை, சதுப்பு நிலத்துக்கும் அப்படியே. அங்கே பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். நேரமும் தேடிய அளவும் அதில் எழுதப்படுகின்றன. சாட்ஸ்வொர்த்தில் உம்லத்துசானா ஆற்றோரம் இருப்பவர்களுக்கு எங்கள் தாளை அப்படியே தரத் தயார். இடங்களை மட்டும் நீங்கள் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய இருநூறு படங்களை நாங்கள் கைவிடவில்லை. எடுத்தவரின் கைப்பேசியில் மூலப்படம் அழியாமல் இருந்தால், இருப்பிடம் இன்னும் அதற்குள் இருக்கும். ஒவ்வொரு வீடாகக் கேட்டு வருகிறோம். இதுவரை நாற்பத்தொரு படங்கள் இடத்தோடு கிடைத்திருக்கின்றன. அவற்றில் பதினேழு, ஒரே குழியைக் காட்டுகின்றன.